பத்தாவது ஆள்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடியில் பேராசிரியர் எப்ராயிம் லெவின்ஸ்கி தாயோடு இருந்தார். யூத இறையியல் அறிஞர். சமயங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எல்லாச் சமயத்துக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார் என்பது வேறு கதை. பள்ளிவாசலில் நோன்பு திறப்பார், தேவாலயத்தில் கண்ணை மூடிச் செபிப்பார். வெள்ளி மாலையானால் ஸ்காபரோவில் எங்கள் கோவில் மேடையேறி, "கடவுள் முன் எல்லோரும் ஒன்று" என்பார். பிறகு வடையை ஒரு கை பார்ப்பார். நாங்கள் போர்த்திய பொன்னாடைகளை வைத்து அவர் ஒரு கடையே திறக்கலாம்.

ஊரெல்லாம் பேசுகிறவர், ஏழாம் மாடி மெண்டலோடு மட்டும் பேசமாட்டார். மெண்டல் யூத மதகுரு. "வெள்ளி இருட்டினால் நமக்கு ஓய்வுநாள். தாயோடு சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டியவனுக்குக் கோவில் மேடையில் என்ன வேலை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாராம். அன்றோடு பேச்சு நின்றது. லிப்டுக்குள் மெண்டல் நின்றால் பேராசிரியர் அடுத்த லிப்டுக்குக் காத்திருப்பார். எங்கள் கட்டடத்து லிப்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வைராக்கியம் என்று விளங்கும்.

போன மார்கழியில் தாய் காலமானார். அடக்கம் முடிந்த மாலை நானும் கோவில் தலைவர் குலசிங்கம் அண்ணையும் போனோம். வீடு நிறையச் சனம்: பாதிரியார், இமாம், தலைப்பாகையோடு சீக்கியப் பெரியவர். ஆனால் தாய்க்கான பிரார்த்தனையை மகன் சொல்வதென்றால், அவர்கள் முறைப்படி யூத ஆண்கள் பத்துப் பேர் நிற்க வேண்டும். அவரோடு சேர்த்து ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பேராசிரியர் அவர்கள் துக்க வழக்கப்படி தாழ்ந்த முக்காலியில் குந்தியபடி வாசலையே பார்த்தார்.

குலசிங்கம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "ஒராள்தானே குறையுது? என்னை எண்ணச் சொல்லும். எங்கட பொதுக்கூட்டத்துக்கு ஆக்கள் காணாட்டி சமையலுக்கு நிக்கிறவையைக் கூப்பிட்டு இருத்துறனாங்கள்தானே?" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் சங்கடத்தோடு தலையாட்டி மறுத்தார்.

"உவர்தானே எல்லாரும் ஒண்டெண்டு சொன்னவர்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. செத்தவீட்டில் அவ்வளவு கொடுமை வேண்டாம்.

பேராசிரியர் இன்னொருமுறை ஆட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "யாராவது ஏழாம் மாடிக்குப் போய் மெண்டலைக் கூப்பிடுவீர்களா?" என்றார். குலசிங்கம் அண்ணைதான் போனார்.

மெண்டல் உடனே வந்தார். பிரார்த்தனை நடந்தது. பேராசிரியரின் குரல் இடையில் உடைந்தது. முடிந்ததும் மெண்டல் அவர் முன்னால் ஒரு கதிரையில் இருந்தார். வாயே திறக்கவில்லை. துக்கம் காக்கிறவர் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாதாம். அதுவும் அவர்கள் வழக்கம் என்று பக்கத்திலிருந்த உறவினர் சொன்னார்.

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தோம். உரையாடல் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவருக்கு முதல் சொல் வரவில்லை.

கடைசியில், "வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைத் தனியே விட்டுவிட்டேன்," என்றார்.

"தனியே இல்லை," என்றார் மெண்டல். "ஓய்வுநாளில் நான் லிப்டில் ஏறமாட்டேன். வெள்ளிதோறும் படியால் ஏறி வந்து அவரோடு சாப்பிட்டேன். உன் கதிரையில் மட்டும் என்னை இருக்க விடமாட்டார். நீ இப்போது வந்துவிடுவாய் என்பார்."