இருதய ஆண்டவரிடம் இரண்டு வேண்டுதல்

நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றிய பிறகு ஆஸ்பத்திரியில் என் கையில் ஒரு தலையணையைக் கொடுத்தார்கள். இருமல் வந்தால் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டுமாம். இல்லாவிட்டால் கம்பி போட்டுக் கட்டிய எலும்பு விட்டுக்கொள்ளும் என்றார்கள். "கனமா எதையும் தூக்கக் கூடாது. தண்ணிக் குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். நானும் மண்டையை ஆட்டினேன். குடத்தைப் பற்றி எனக்கு என்ன கவலை? மூலக்குளத்தில் என் வீட்டில் தூக்க வேண்டியது குடம் இல்லை, என் மகள்.

அவளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. "ம்மா", "தூக்கு" என்ற இரண்டு வார்த்தைதான் வாயில் வரும். பாயிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான். அவள் அப்பா அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இட்லி மாவு அரைத்து விற்று, அவளைத் தூக்கிச் சுமந்து, என் காலம் ஓடியது. மூச்சு வாங்கும்போதெல்லாம் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேனே தவிர, வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நான் ஆஸ்பத்திரியில் படுத்ததும் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கேட்காமலே என் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள். என் வீட்டுக்காரரின் அக்கா அவர், கருவடிக்குப்பத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்களுக்குள் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. காரணம் ஒரே ஒரு வார்த்தை. ஒரு காதுகுத்து விசேஷத்தில் பந்தி நடக்கும்போது என் மகளைக் காட்டி, "அது சாப்ட்டுச்சா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அதுன்றதுக்கு என் பொண்ணு இன்னா ஆடா, மாடா?" என்று எல்லார் எதிரிலும் கத்திவிட்டு, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடி எழுந்து வந்தவள் நான். அதன் பிறகு அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த நாத்தனார்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தார், நான் வீடு திரும்பியபோது என் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டும் இருந்தார். வா என்று அவரும் சொல்லவில்லை, வாங்க என்று நானும் சொல்லவில்லை.

என்னைக் கண்டதும் மகள் பாயில் படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். "தூக்கு." நான் கட்டிலில் தலையணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மாவுக்குப் புண்ணுடி கண்ணு" என்றேன். அவளுக்குப் புண் தெரியுமா, தையல் தெரியுமா? கை நீட்டினால் அம்மா தூக்குவாள், அது ஒன்றுதான் தெரியும். தூக்கு, தூக்கு என்று அழுது அழுது குரல் கம்மிப்போனது. மறுநாள் நாத்தனார் கடைக்குப் போன சமயம் பார்த்து நான் குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்தேன். நெஞ்சுக்குள் எதுவோ கிழிந்த மாதிரி இருந்தது. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்தி, "எதாவது ஹோம்ல சேத்துடேன், உனக்கப்புறம் யாரு?" என்றார்கள். எனக்கப்புறம் யாரு. அதைத்தானே நான் இருபது வருஷமாக மென்று கொண்டிருக்கிறேன். மத்தியானத்தில் தெரு அடங்கிய பிறகு, புது வால்வு என் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று அடிப்பது எனக்கே கேட்கும். சுவர்க் கடிகாரத்தை விழுங்கியவள் மாதிரி படுத்திருப்பேன். இது என்றைக்கு நிற்கும், நின்ற அன்றைக்கு இவளை யார் கழுவுவார்கள், யார் ஊட்டுவார்கள், புண் வந்தால் யார் புரட்டிப் போடுவார்கள்? பிழைத்து வந்ததே தப்பு என்று தோன்றும். ஐயோ, இவளை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றும் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மாத்திரையைப் பார்த்தாலே வெறுப்பாக வந்தது.

சாமியைக் கூப்பிடலாமே என்றால், எனக்கும் சாமிக்கும் எப்போதோ தகராறு. மகள் சின்னவளாக இருந்தபோது ஏறாத கோயில் இல்லை, கட்டாத தாயத்து இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றதும் படங்களுக்குப் பூ வைப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனை முடிந்து வரும் வழியில், நாத்தனார் ஆட்டோவை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திருப்பச் சொன்னார். மகளும் எங்களோடு இருந்தாள். அவளுடைய மடக்கு நாற்காலி ஆட்டோவின் பின்னால் கட்டியிருந்தது.

"எதுக்கு அண்ணி?"

"இருதயத்துக்குனே தனியா ஒரு ஆண்டவரு இங்க இருக்காரு. கண்ணுக்குக் கண்ணு டாக்டரு, பல்லுக்குப் பல்லு டாக்டருன்னு போறோம் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும். "அது அந்த இருதயம் இல்ல அண்ணி. அன்பு, இரக்கம்னு சொல்லுவாங்களே, அந்த அர்த்தம்."

"எல்லா இருதயமும் நெஞ்சுலதான இருக்குது? எறங்கு."

அந்தக் கிறிஸ்தவக் கோயிலின் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நாத்தனார் மகளின் முழங்காலுக்கடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். எப்போது கற்றுக்கொண்டாரோ, நான் தூக்குவது போலவே தூக்கினார். உள்ளே போனதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தீபாராதனை எப்பம்மா?" என்று பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைக் கேட்க, அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். மகள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டவர் தன் இருதயத்தை வெளியே காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. மனசுக்குள் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு முன்னாடி இவள எடுத்துக்கோ. நான் இருக்கும்போதே, என் கையாலயே அடக்கம் பண்ணிடறேன். வேற எதுவும் கேக்கல."

"அடிப்பாவி!" என்றார் நாத்தனார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "பெத்தவ கேக்கற வரமா இது? அது இன்னா பாவம் பண்ணுச்சி?"

அந்த நிலையிலும் எனக்கு ரோஷம் வந்தது. "அதுன்னு சொல்லாதீங்க."

"சொல்லுவேன். என் பேரனையும் அதுன்னுதான் சொல்றேன். பெத்த அம்மாவையும் அது சொல்லிச்சி, அது வந்துச்சின்னுதான் சொன்னேன். நீ மட்டும் இன்னா? உன்ன ஆஸ்பத்திரில பாக்க வந்தன்னிக்கு நர்ஸுகிட்ட இன்னா சொன்ன? 'அது எங்க நாத்தனார், அது வராதுன்னு நெனச்சேன், வந்துடுச்சி'ன்னு சொன்ன. நா இன்னா ஆடா, மாடா?"

சொல்லித்தான் இருந்தேன். எங்கள் பக்கத்தில் சொந்தமென்று நினைக்கிறவர்களை அப்படித்தானே சொல்கிறோம்!

நாத்தனார் முழங்கால் மடங்காத மனுஷி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டார். "ஆண்டவரே, இவ சொன்னத காதுல வாங்காதீங்க. அது இருக்கணும். இவ போனாலும் அது இருக்கணும். நா பாத்துக்கறேன். எனக்கப்புறம் என் மருமவ பாத்துப்பா, பாக்கலன்னா நா ஆவியா வந்து கேக்கறேன் அவள." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கேக்கறத நீ கேட்டுட்ட, நா கேக்கறத நா கேட்டுட்டேன். யாருது ஜெயிக்குதுன்னு பாத்துருவோம்."

நான் உடைந்து அழுதேன். தலையணை ஆட்டோவில் இருந்தது. நெஞ்சு குலுங்கக் கூடாது என்று நாத்தனார் இரண்டு கையாலும் என் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நாத்தனார் கருவடிக்குப்பம் திரும்பவில்லை. என் பயமும் போய்விடவில்லை. மருமகள் என்ன நினைக்கிறாளோ, யார் கண்டது? ஆனால் புண் ஆறியதும், நாத்தனார் மகளைத் தூக்கி வந்து கட்டிலில் என் பக்கத்தில் படுக்க வைத்தார். அவள் பழையபடி என் நெஞ்சில் காதை வைத்தாள். வைத்தவள் அப்படியே அசையாமல் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, "டிக்" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் சொன்ன மூன்றாவது வார்த்தை. இந்தச் சத்தம் நிற்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக ஆசைப்பட்டேன். எழுந்து போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாவுக்கு உளுந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக பஸ் ஏறி அந்தக் கோயிலுக்குப் போனேன். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, "அன்னிக்கு நான் கேட்டதை ரத்து பண்ணிடுங்க" என்றேன். அவர் செய்வார் என்று நம்புகிறேன், என் நம்பிக்கை இப்போதைக்கு அவ்வளவுதான். நாத்தனாரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் இன்னமும் தினம் விளக்கேற்றியதும் ஸ்டேஷன் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு, என்னை எதிர்த்து வேண்டிக்கொண்டிருக்கிறார். நான் விலகிக்கொண்டேன் என்று தெரிந்தால் அவர் வேண்டுவதை நிறுத்திவிடுவார்.