நோய்க்குக் காத்திருந்த வயல்

நெல்லில் குலைநோய் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆராய்ச்சிப் படிப்புக்காக, நோயில் சட்டென்று விழும் எங்கள் பக்கத்துச் சன்ன ரகத்தையும், நோயை அண்டவிடாத ஒரு முரட்டு ரகத்தையும் மகரந்தம் சேர்த்து, பேரப்பிள்ளைத் தலைமுறை வரை கொண்டுவந்திருந்தேன். முரட்டுத் தாத்தாவின் குணம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இறங்கியிருக்கிறது என்று தெரிய, நோய் வந்தாக வேண்டும். வராவிட்டால் எல்லாப் பயிரும் ஒரே பச்சைதான். இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடும்.

கரியமாணிக்கம் கிராமத்தில் ஓர் அக்கா தன் நிலத்தில் இடம் கொடுத்தார். ரோட்டோரம் ஒரு பாத்தி, வாய்க்காலோரம் ஒரு பாத்தி. இரண்டிலும் பேரப்பிள்ளைப் பயிரை நட்டேன். நோயை வரவழைக்க அவற்றைச் சுற்றி நோஞ்சான் ரகத்தை நட்டு, யூரியாவை வாரி இறைத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறேன் என்று நடவுக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள்.

மார்கழிப் பனியில் சுற்று வரிசை இலைகளில் முதல் புள்ளிகள் விழுந்தன. கண் போன்ற வடிவம், நடுவில் சாம்பல் நிறம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் போனால் ரோட்டோரப் பாத்தியில் நோய் அப்படியே நின்றுபோயிருந்தது.

"மருந்து அடிச்சிட்டேன் பாப்பா. போறவங்க வர்றவங்கல்லாம் இன்னா உன் நெல்லு இப்டிக் கெடக்குதுன்னு கேக்குறாங்க. மானம் போவுது" என்றார் அக்கா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் கை காட்டினேன். "அங்கயும் அடிச்சிட்டீங்களாக்கா?"

"அத யாரு பாக்கப் போறா? அங்க எதுக்கு அடிக்கணும்?"

அந்த அலட்சியத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

பத்து நாள் பொறுத்து, வாய்க்காலோரப் பாத்திக்குள் இறங்கி ஒவ்வொரு பயிராகப் பார்த்து போனில் குறித்தேன். அக்காவும் கூடவே வந்தார். முடித்துக் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய மூன்று நல்ல பயிருக்கு ஒரு நோயாளி. அப்படியென்றால் நோயை அண்டவிடாத அந்தக் குணம் ஒரே ஒரு மரபணுவில் இருக்கிறது, அதுவும் ஓங்கி நிற்கும் மரபணுவில். எங்கள் சன்ன ரகத்துக்குள் அதைக் கொண்டுவந்துவிடலாம்.

வரப்பில் உட்கார்ந்து சந்தோஷம் தாங்காமல் அழுதுவிட்டேன். அக்கா பதறிப்போய் என் முதுகைத் தடவினார்.

"அதான் நீ கேட்ட நோவு வந்துடிச்சே, இன்னும் இன்னாத்துக்கு அழுவுற?"