வேகத்தடை வேணும், ஆனா எங்க வாசல்ல வேணாம்

இன்னிக்கு மண்ணூர்பேட்டையில எங்க தெருக்காரங்க கூட்டம்.

மெயின் ரோடு சிக்னல்ல நிக்கப் பொறுமை இல்லாத வண்டியெல்லாம் எங்க தெருவுல புகுந்து பறக்குது. போன வாரம் எதிர் வீட்டு நசீமா அக்காவை பைக்காரன் ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். வலது கையில மாவுக்கட்டு.

"ஸ்பீட் பிரேக்கர் கேட்டு மனு கொடுக்கலாமா?"ன்னு சங்கத் தலைவர் கேட்டார். எல்லாரும் கை தூக்கினாங்க. அக்கா மாவுக்கட்டுக் கையையே தூக்கினாங்க.

"சரி, யார் வீட்டு முன்னாடி போடச் சொல்றது?"

தூக்கின கையெல்லாம் இறங்கிடுச்சு.

ஒருத்தருக்கு ராத்திரியில சத்தம் ஆகாதாம். இன்னொருத்தருக்கு காரை உள்ளே திருப்ப முடியாதாம். தலைவர் தன் பங்குக்கு, "எனக்கு ஓகேதான். ஆனா வாசலுக்கு நேரா மேடு இருந்தா வாஸ்து இடிக்குதே"ன்னு இழுத்தார்.

அக்கா மட்டும் இன்னும் கையை இறக்கல. "வாஸ்து இடிச்சா இன்னா சார், மாவுக்கட்டா போடப் போறாங்க?"

நான் எழுந்துட்டேன். "அக்கா வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவுல போடச் சொல்லுங்க."

"அப்புறம் தூக்கம் போச்சுன்னு எங்கிட்ட வரக்கூடாதும்மா."

"வரமாட்டேன் சார். வண்டிங்க பிரேக் போடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. அடுத்தது அக்கா இடது கையால கோணலாப் போட்டது.

வாஸ்து சொல்ல நினைக்கிறவங்க கமெண்டுக்குத் தாராளமா வாங்க. ஆனா மெதுவா வாங்க.