ஆறு பேருக்கு ஒரு சஹன்

வாடகைக்குப் போன சஹன் திரும்பி வந்ததும் பக்கீர் முகைதீன் அதைக் காதருகே தூக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் கணீரென்றால் சரி. கொஞ்சம் அடைத்துக் கேட்டால், கொண்டுவந்தவர் தலையைச் சொறியத் தொடங்கலாம். "இதுக்க சோறா திண்டீங்க, கல்லா உடைச்சீங்க?"

சாய்ந்தமருதில் கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிறவர். கதிரை, சோறாக்கும் கிடாரம், பாய் எல்லாம் உண்டு. ஆனால் அவர் உயிர் இருப்பது அந்த நூற்றிருபது சஹன்களில். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சோற்றில் கை வைக்கிற பெரிய தட்டுகள். கழுவி வெய்யிலில் காயவைத்தால் தெருவுக்கே கண் கூசும். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற ஊர்; தெருப் பொடியன்கள் 'சஹன் காக்கா' என்று பட்டம் வைத்தார்கள். கோபப்படுவார் என்று காத்திருந்தால், மனிசன் அதையே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டார். பகிடியில் உப்பில்லாமல் போயிற்று.

எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்துக்கு முந்தி, ஒரே ஞாயிறில் மூன்று கலியாணம் வரும். முதல் வீட்டில் சாப்பாடு முடியுமுன்னே அடுத்த வீட்டார் சாமான் ஏற்ற லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியோடு வாசலில் நிற்பார்கள். "பத்துச் சஹன் கூடவே போடுங்க காக்கா, சொல்லாத ஆக்களும் வருவாங்க." சொல்லாத ஆட்களும் வந்த காலம் என்று அதை நினைத்துக்கொள்ளும்போது அவருக்குத் தேத்தண்ணி ஆறிவிடும்.

இப்போது ஊர் பெட்டிச்சோற்றுக்கு மாறிவிட்டது. சஹனில் சோறு குறைந்தால் ஆறு பேர் பார்ப்பார்கள். பெட்டிக்குள் எவ்வளவு என்பது திறக்கிறவனுக்கு மட்டும் தெரிகிற இரகசியம். "கலியாணம் எண்டு கூப்பிட்டு வெள்ள நிவாரணமா குடுக்கிறானுகள்?" என்று மூன்று வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், தன் மகள் சிபானாவுக்கு நாள் குறிக்கும் வரைக்கும்.

"சஹன் நம்மட்டக் கிடக்கு. அதுல போட இறைச்சி?" என்றாள் மனைவி நஸீறா.

"ஊருக்கே சஹன் குடுத்தவன் நான்."

"அப்ப அந்த ஊர்ட்டயே கேளுங்க, ஒரு மாடு அறுத்துத் தருமா எண்டு."

இரண்டு நாள் அவர் துடைத்த சஹன்களையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சிபானா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"வாப்பா, மாப்பிள்ள வீட்டாரும் பெட்டிதான் வசதி எண்டாங்க."

"ஆரு சொன்ன?"

"மாமிதான்."

மாமி அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "சரி மகள்," என்றார்.

நிக்காஹ் முடிந்து பெட்டிகள் பறந்தன. அவரவர் மடியில் அவரவர் சோறு. பொடியன்கள்கூடப் பகிடி பண்ணவில்லை. அதுதான் அவருக்குக் கூடுதலாகச் சுட்டது. வாசல்வரை போய் எல்லோருக்கும் சலாம் சொல்லி அனுப்பிவிட்டு, வெறுமையான பந்தலின் மூலையில் பாயை விரித்துத் தனக்கென்று ஒரு பெட்டியைத் திறந்தார். தனக்கு நேரே இருந்த ஓரத்தில் மட்டும் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். சஹனில் கூடியிருந்து சாப்பிடும்போது அடுத்தவர் பக்கத்துச் சோற்றைத் தொடுவதில்லை. ஓரம் முடிந்ததும் கை நின்றது. பெட்டிக்குள் நல்லதாகக் கிடந்த ஒரேயொரு இறைச்சித் துண்டை விரலால் மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தார்.