கடல் வளைவில் இருவர்

அவருடைய புதிய அடையாள அட்டையில் ‘விருந்தினர் வரவேற்பாளர், கலகலப்பானவர், எவரோடும் எளிதில் பழகுபவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அட்டையைப் படித்துவிட்டு அவர் தங்கை வெகுநேரம் சிரித்தாள். “அண்ணே, நீ வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்னு நெனச்சுட்டிருந்தேன். இது யாரு, உன் பேர்ல வேற ஆளா?”

கார்ப் பந்தயப் பாதையின் கடல் வளைவில், ஆபத்தென்றால் ஓட்டுநர்களுக்கு மஞ்சள் கொடி காட்டுவதுதான் அதுவரை அவர் வேலை. கூட்டம், கோப்பை, கைதட்டல் எல்லாம் மறுகோடியில். ஆயுளில் பாதியைப் பந்தயத்தில் கழித்தவர், யார் ஜெயித்தார் என்பதை மறுநாள் செய்தித்தாளில்தான் படிப்பார்.

பாதை மட்டும் சும்மா இருக்கவில்லை. முதலில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிவந்தது; பிறகு விளக்கை விட்டு விலகியது. வேகம் அதிகம் என்று நடுவில் ஒரு நெளிவு போட்டார்கள். வேகம் போதவில்லை என்று அதை எடுத்தார்கள். கடைசியில் கடல் கரையை அரிக்க, குறுக்கே புதுச்சாலை போட்டுக் கடல் வளைவையே வெட்டிவிட்டார்கள். வளைவு போனதால் கொடிக்காரர் வரவேற்பாளரானார்.

புதுப் பாதையின் முதல் பந்தயத்தன்று அவர் மனம் விருந்தினர் வாசலுக்குத்தான் கிளம்பியது. கால்கள் கடல் வளைவுக்குப் போய்விட்டன. வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பியிருக்கலாம். ஆனால் வாசலில் நூறு பேரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். மணல் மூடிய சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

பந்தயத்தின் நடுவே ஒரு கார் மட்டும் புதுச்சாலையில் திரும்பாமல், தடுப்புப் பீப்பாய்களைச் சிதறடித்துக்கொண்டு நேரே பழைய சாலையில் வந்தது. பிரேக் அழுத்திய கறுப்புக் கோடுகளை நீளமாக இழுத்து, மணலில் புதைந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றியவர் நரைத்த தலைக்காரர். பல வருடம் இதே வளைவைச் சுற்றியவர். இருவரும் அன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“அட, நீங்களா! மஞ்சக் கொடி!” ஓட்டுநர் அட்டையைப் பார்த்தார். “விருந்தினர் வரவேற்பா? வந்த விருந்தாளிக்கு ஒரு வாய் தண்ணி உண்டா?”

கொடிக்காரர் பாட்டிலை நீட்டினார். “அடி கிடி பட்டுச்சா?”

“மானம்தான் சார் போச்சு. புது ரோடு ஞாபகமே வரல. கை தானா நேரா விட்டுடுச்சு.”

கொடிக்காரரின் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது: அந்தக் கார் எங்கே, என்ன ஆயிற்று, பார்த்தவர் சொல்லவும்.

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். “பிரேக் போச்சுன்னு சொல்லிடுங்க. வழி மறந்துட்டேன்னு தெரிஞ்சா இனி என்னை வண்டியில ஏத்த மாட்டாங்க. இத விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? நீங்களும் இங்க இருக்கக்கூடாத ஆளுதானே. நமக்குள்ளயே இருக்கட்டும். சாயங்காலம் வாங்க, சேந்து டீ குடிப்போம்.”

கொடிக்காரரை யாரும் டீ குடிக்கக் கூப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் சாலையைப் பார்த்தார். பிரேக் பிடித்த கோடுகள் கறுப்பாக, நேராகக் கிடந்தன. அடுத்த முறை இந்தக் கை நேரே போகும்போது எதிரில் பீப்பாய்தான் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

“பிரேக் நல்லாத்தானே புடிச்சிருக்கு,” என்றார்.

“அதான் சொல்றேன், உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.”

கொடிக்காரர் வயர்லெஸ்ஸை எடுத்தார். ஓட்டுநருக்குப் பாதை மறந்துவிட்டது என்றும், தனக்கும் அன்று காலை அதுவே நடந்தது என்றும் தெரிவித்தார்.