தீர்ப்புக்குப் பின் முளைப்பாரி

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தியோடு திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம்... சுமதி என்று வைத்துக்கொள்வோம். மில்லில் அவளை நாசம் செய்த சூப்பர்வைசருக்கு ஜெயில் என்று தீர்ப்பானது. அவனும் எங்கள் ஏரியாதான்.

வெளியே வந்ததும், "ஜெயிச்சுட்டடீ!" என்றேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். "யக்கா, அப்ப இந்த வருசம் நான் முளைப்பாரி போடலாம்ல?"

மாரியம்மன் திருவிழாவுக்கு விரதம் இருந்து, சட்டியில் பயிர் வளர்த்து, பெண்கள் தலையில் சுமந்து போவார்களே, அதுதான். கேஸ் கொடுத்ததிலிருந்து அவளைச் சேர்க்கவில்லை. "கோர்ட்டுக்கு அலையிறவளால விரதம் இருக்க முடியுமா?" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். இப்போதுதான் கேஸ் முடிந்துவிட்டதே!

அன்று சாயங்காலமே செல்லம் மதினி வீட்டுக்குப் போனோம். தெருவில் முளைப்பாரிக்கு விதை கொடுப்பது அவர்தான். கெட்டவர் இல்லை. காபி கொடுத்தார். அவனை "கட்டையில போக" என்று வாயார வைதார். சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கூடக் கலங்கினார்.

பிறகு சொன்னார்... "ஒனக்கும் சேத்து நானே ஒரு சட்டி போட்டுர்றேன் தாயி. நீ ஒதுங்கியே இரு. பயிரு சரியா வரலைன்னா ஒன்னையத்தான சொல்லுவாக?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தப்பு பண்ணவன் அவன், மதினி. இவ என்ன பண்ணா?"

"நானா சொல்றேன்? நாலு பேரு சொல்லுவாகல்ல?"

அந்த நாலு பேர் யார்? இத்தனை வருடமாகத் தேடுகிறேன். ஒருத்தரையும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோர் வீட்டிலும் அவர்கள் சொல்வதுதான் நடக்கிறது.

நீதி என்று நாம் எதைச் சொல்கிறோம்? அவன் உள்ளே போவதை. அவள் கேட்டதோ ஒரு மண்சட்டி, ஒரு கை விதை, கும்மி வட்டத்தில் நிற்க ஓர் இடம். அதைக் கொடுக்கச் சொல்லி எந்த கோர்ட்டில் மனு போடுவது? வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது சுமதி அழவில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"யக்கா, அவன் வெளிய வந்து இதே திருவிழாவுல தீச்சட்டி எடுக்கணும்னா, ஒதுங்கி இருன்னு சொல்லுவாகளா?"

சொல்ல மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவனுடைய தண்டனைக்காவது ஒரு கடைசி நாள் இருக்கிறது.