விரலால் எழுதிய பலகை

கொழிஞ்சாம்பாறையில் தம்பி மகன் திறந்த பேக்கரியின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுக்கட்டை மாதிரி உருண்டு திரண்ட எழுத்துகள். அச்சு அசலாக ஜமீலா அக்காவின் எழுத்து.

ஐம்பதுகளில் இதே தெருவில்தான் அத்தாவின் பலசரக்குக் கடை இருந்தது. வயதுக்கு வந்த அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, கடைக்குப் பலகை எழுத மட்டும் சொன்னார். பிரஷ்கூட வாங்கித் தரவில்லை. அவள் அடுப்படியில் உட்கார்ந்து, சிவப்புப் பெயிண்டில் விரலைத் தோய்த்தே எழுதினாள். அதனால்தான் எழுத்துக்கு அத்தனை தடிமன்.

பலகையை மாட்டியதும், கேட்டவர்களிடமெல்லாம் அத்தா ஒன்றே சொன்னார்: "பொள்ளாச்சி பெயிண்டர் எழுதுனதுங்க."

"இல்லைங்க, எங்கக்கா எழுதுனது" என்றேன் நான்.

அத்தா என் காதைத் திருகினார். "பொட்டப்புள்ள எழுதுனான்னு ஊருக்கெல்லாம் சொல்லோணுமா?"

உள்ளே அக்கா மண்ணெண்ணெய் தொட்டு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு போகவில்லை. என் காது இன்றும் எரிகிறது.

"இதை யாரு எழுதுனது?" என்று தம்பி மகனிடம் கேட்டேன்.

"யாரும் எழுதலைங்க மாமி. கம்ப்யூட்டர்ல இருக்கற எழுத்து. பழைய கடைப் பலகைகளைப் பாத்துச் செஞ்சதாம்."

அத்தாவாவது ஒரு பெயிண்டரைச் சொன்னார்.